சின்னப் புரோப், சில கேள்விகள்: சத்திர சிகிச்சை நடக்கும்போது இதயத்தைக் கண்காணிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மயக்கத்தில் இருக்கிற நோயாளியின் இரத்த அமுக்கம் சட்டென்று 70க்கு இறங்குகிறது. மொனிட்டர் இறங்கியதைச் சொல்லும், ஏன் இறங்கியது என்று சொல்லாது. உடம்பில் இரத்தம் போதவில்லையா, இதயம் களைத்துவிட்டதா, வலது பக்கம் அடைபட்டு வீங்கியிருக்கிறதா, இதய உறைக்குள் நீர் கட்டிவிட்டதா? நான்குக்கும் வைத்தியம் வேறு வேறு. ஒன்றைக் காப்பாற்றுகிற சேலைன் மற்றதைக் கெடுத்துவிடும். இந்தக் கேள்விக்கு ஓரிரு நிமிடத்தில் கண்ணால் பார்த்துப் பதில் சொல்ல ஒரு வழி இருக்கிறது. ஒலியலையால் இதயத்தைப் படமெடுக்கிற குழாயான எக்கோ புரோப் ஒன்றை வாய்வழியாக உணவுக்குழாய்க்குள் விட்டு, இதயத்துக்கு நேர் பின்னால் நிறுத்திப் பார்ப்பது. தியேட்டரில் எல்லோரும் ரீ.ஈ.ஈ. என்று சொல்வது இதைத்தான்.

உணவுக்குழாய் இதயத்தின் மேலறையான இடது சோணையறையின் முதுகோடு ஒட்டியே இறங்குகிறது. இடையில் விலா எலும்பும் இல்லை, காற்று நிறைந்த நுரையீரலும் இல்லை. சத்திர சிகிச்சை செய்பவரின் கைக்கும் இடைஞ்சல் இல்லை. 1976இல் முதன்முதலாக இப்படிப் பார்த்தபோது ஒற்றைக் கோட்டுப் படம்தான் கிடைத்தது. 1980களின் தொடக்கத்தில் வளையக்கூடிய எண்டோஸ்கோப் குழாயின் நுனியில், ஒலியை அனுப்பி வாங்குகிற படிகங்களைப் பொருத்தியபிறகுதான் முழு இதயமும் தெரிய ஆரம்பித்தது. அந்தக் காலத்திலிருந்து பெரியவர்களின் புரோப் பருமனாகவே இருந்துவருகிறது. அதைக் குழந்தைக்கும், ஒடுங்கிய வாய் உள்ளவருக்கும் விடமுடியாது என்பதால்தான் சின்னப் புரோப்கள் வந்தன.

வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் வைத்தியசாலைகளின் தியேட்டரிலும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் வேலை செய்கிற இளம் வைத்தியர்களையும் தாதியர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். இதயத்தைத் திறந்து செய்கிற சத்திர சிகிச்சைக்கு எங்கள் ஆட்கள் வடக்கே யாழ்ப்பாணத்துக்கோ தெற்கே கொழும்புக்கோ போகவேண்டும். பிள்ளைகள் கொழும்பு லேடி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குப் போவார்கள். ஆனால் பழுதான இதயத்தோடு குடல் அடைப்புக்கும், ஹேர்னியாவுக்கும், சிசேரியனுக்கும் வருகிறவர்கள் எங்கள் மேசையில்தான் படுக்கிறார்கள். பயிற்சிக்குப் பெரிய வைத்தியசாலைக்குப் போகிற ஒருவர் இதைப் படித்துவிட்டுப் போனால், அங்கே பார்ப்பது நன்றாகப் பதியும். கைப்பழக்கம் மட்டும் ஒரு மூத்தவரின் பக்கத்தில் நின்றுதான் வரும். அமெரிக்காவின் தேசிய எக்கோ சபை அடிப்படைச் சான்றிதழுக்கு 150 பரிசோதனைகளைப் படிக்கவும், அவற்றில் 50ஐத் தன் கையால் செய்யவும் கேட்கிறது. அந்த எண்ணிக்கையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதற்படி: எந்தப் புரோப்?

பெரியவர்களின் வழக்கமான புரோப்பின் தண்டு ஏறக்குறைய 10 மில்லிமீற்றர் தடிப்பு. நுனி அதைவிடப் பருமன், சிலவற்றில் 14 மில்லிமீற்றர் வரை வரும். பொதுவாக 25 கிலோவுக்கு மேற்பட்டவர்களுக்கே இது.

அடுத்தது சிறுவர் புரோப், மினி என்பார்கள். பிலிப்ஸ் கம்பனியின் எஸ்7-3டி என்பதை எடுத்தால் நுனி 10.7க்கு 8 மில்லிமீற்றர், தண்டு 7.4. இது 3.5 கிலோவுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு. அதைவிடச் சின்னது மைக்ரோ. அதே கம்பனியின் எஸ்8-3டி நுனி 7.5க்கு 5.5, தண்டு 5.2 மில்லிமீற்றர்தான். 2.5 கிலோ எடையுள்ள கைக்குழந்தைக்கும் விடலாம். இவை தவிர, ஒருவருக்கு மட்டும் பாவித்துவிட்டு வீசுகிற 5.5 மில்லிமீற்றர் புரோப் ஒன்றும் வந்தது. அதை 72 மணித்தியாலம்வரை உள்ளேயே விட்டு, வேண்டியபோது மெஷினில் பொருத்திப் பார்க்கலாம்.

சின்னதாகும்போது ஒன்றை இழக்கிறோம். நுனியில் இடம் குறைந்தால் படிகங்கள் குறையும். மைக்ரோவில் 32தான். படிகங்கள் குறைந்தால் ஒலிக்கற்றையை ஆழத்தில் கூர்மையாகக் குவிக்கமுடியாது. சின்னப் புரோப்களின் அதிர்வெண்ணும் பெரும்பாலும் உயர்வு, 3 முதல் 8 மெகாஹேட்ஸ் வரை. அதிர்வெண் கூடினால் கிட்டத்தில் நுணுக்கம் கூடும், தூரத்துக்கு ஒலி போய்ச்சேராது. குழந்தையின் இதயம் கிட்ட இருப்பதால் அங்கே இது குறையே இல்லை. பெரியவரில் சோணையறையும், அதற்கும் கீழே உள்ள இடது இதயவறைக்கும் நடுவிலிருக்கிற மைட்ரல் வால்வும் நன்றாகத் தெரியும், இதய நுனி மங்கும். பெரிய உணவுக்குழாய்க்குள் மெல்லிய புரோப் சுவரோடு ஒட்டாமல் ஆடுவதும் உண்டு. அப்போது காற்று இடையில் புகுந்து படம் போய்விடும். பல சின்னப் புரோப்களில் பக்கவாட்டில் வளைக்கிற சக்கரம் கிடையாது. சிலவற்றில் படமெடுக்கிற தளத்தைச் சுழற்றவும் முடியாது.

ஆகவே என் கணக்கு இது. வால்வைத் தைக்கிற சத்திர சிகிச்சைக்கு, எந்த இடத்தில் ஒழுக்கு என்று தேடுகிற வேலைக்கு, பெரியவரில் பெரிய புரோப்தான் வேண்டும். இதயம் நிரம்பியிருக்கிறதா, சுருங்குகிறதா என்று திரும்பத் திரும்பப் பார்க்கிற வேலைக்குச் சின்னப் புரோப் போதும், பல நேரம் அதுவே நல்லது. அளவைத் தீர்மானிப்பது நோயாளியின் தொண்டையும் நீங்கள் கேட்கப்போகிற கேள்வியும். படத்தின் அழகைப் பார்த்துத் தெரிவு செய்யவேண்டாம்.

இரண்டாம் படி: முதல்நாளே கேட்கவேண்டியவை

புத்தகத்தில் இது ஒரு பட்டியலாக ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிடும். எங்கள் இடத்தில் இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்கவேண்டும் என்பேன்.

உணவுக்குழாயில் ஒடுக்கம், கட்டி, கிழிவு, பை போன்ற புடைப்பு, இரைப்பையில் ஓட்டை, இப்போது நடந்துகொண்டிருக்கிற இரத்தக் கசிவு: இவற்றில் ஒன்று இருந்தாலும் புரோப் போடக்கூடாது. சின்னப் புரோப் என்பதால் சலுகை கிடையாது. ஈரல் கெட்டு உணவுக்குழாயில் நாளங்கள் புடைத்தவர், கழுத்துக்குக் கதிர்ச் சிகிச்சை எடுத்தவர், கழுத்தெலும்பு உறுதியில்லாதவர், இரத்தம் உறையாதவர் ஆகியோருக்கு நன்மையையும் தீமையையும் நிறுத்துப் பார்த்துத்தான் முடிவு. கசிப்பும் சாராயமும் நீண்டகாலம் குடித்தவர்களிடம் ஈரலைப் பற்றி வெளிப்படையாகக் கேளுங்கள். வாந்தியில் இரத்தம் வந்ததுண்டா என்றும் கேளுங்கள்.

கேட்கிற விதம் முக்கியம். “விழுங்குவதில் சிரமம் உண்டா” என்று படிவத்தைப் பார்த்துக் கேட்டால் “இல்லை” என்றுதான் பதில் வரும். இப்படிக் கேட்டுப்பாருங்கள்:

“ஐயா, சாப்பாடு விழுங்கேக்க நெஞ்சுக்க எங்கயும் தடக்கிறதே?”

“அப்பிடி ஒண்டுமில்லைப் பிள்ளை. ரொட்டியெண்டால் மட்டும் கொஞ்சம் தண்ணி குடிச்சுத்தான் இறக்கோணும்.”

சோறு இறங்குகிறது, ரொட்டிக்குத் தண்ணீர் வேண்டியிருக்கிறது. அவருக்கு அது பழகிப்போன சங்கதி. எங்களுக்கு அது உணவுக்குழாய் ஒடுங்கியிருக்கலாம் என்ற எச்சரிக்கை. எண்டோஸ்கோப்பி பார்க்கும்வரை அவருக்குப் புரோப் வேண்டாம்.

வன்னியில் இன்னும் மூன்றைத் தேடவேண்டும். முதலாவது வெற்றிலை பாக்கு. நீண்டகாலம் பாக்குச் சப்பியவர்களில் சிலருக்குக் கன்னத்தின் உட்சவ்வு நார்போல இறுகி வாய் திறக்காமல் போகும். மூன்று விரலை நிமிர்த்தி வாய்க்குள் வைக்கச் சொல்லுங்கள். இரண்டுதான் போகிறதென்றால் பெரிய புரோப்பை மறந்துவிடலாம். சுவாசக் குழாய் போடுவதே கஷ்டமாகும் என்பதையும் அப்போதே குறித்துவையுங்கள். ஆடுகிற பல்லையும் எண்ணி எழுதவேண்டும்.

இரண்டாவது, பழைய காயம். கழுத்திலோ நெஞ்சிலோ செல் துண்டு, சன்னம் இன்னும் உள்ளே இருக்கிறவர்கள் எங்கள் விடுதிகளுக்கு வந்துகொண்டேயிருக்கிறார்கள். வெளித் தழும்பு ஆறியிருக்கும், உள்ளே உணவுக்குழாய் இழுபட்டு ஒட்டியிருக்கலாம். எக்ஸ்ரே படத்தை எடுத்து, துண்டு எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்க்கவேண்டும். நடு நெஞ்சில், உணவுக்குழாய்க்குப் பக்கத்தில் என்றால் நான் புரோப் போடுவதில்லை.

மூன்றாவதை உறவினர் முன்னால் கேட்கக்கூடாது. முன்பு எப்போதாவது அமிலமோ கிருமிநாசினியோ வயிற்றுக்குள் போனதுண்டா என்பது. உணவுக்குழாயை அரிக்கிற திரவம் குடித்துத் தப்பியவர்களுக்கு வருடக்கணக்கில் கழித்தும் ஒடுக்கம் வரும். தனியே கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, ஏன் கேட்கிறேன் என்ற காரணத்தையும் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் சொல்வார்கள். சொன்னதை விடுதியில் சத்தமாகப் பேசவேண்டாம்.

சம்மதம் வாங்கும்போது ஆபத்தையும் சொல்லுங்கள். மயக்கத்தில் போடுகிற ரீ.ஈ.ஈ.யால் பாரதூரமான கேடு வருவது அரிது, ஆயிரத்தில் ஒருவர் இருவர் என்ற அளவில். ஆனால் உணவுக்குழாய் கிழிந்தால் உயிராபத்து. தொண்டை நோ ஓரிரு நாள் இருக்கலாம். இவ்வளவையும் நல்ல தமிழில் சொல்ல ஐந்து நிமிடம் போதும்.

மூன்றாம் படி: ஆயத்தம்

புரோப்பை வெளிச்சத்தில் பிடித்து நுனியிலிருந்து கைப்பிடிவரை விரலால் தடவிப் பாருங்கள். சின்னப் புரோப்பின் உறை மெல்லியது. ஒரு பல்லின் தடம், ஒரு கொப்புளம், ஒரு கீறல் இருந்தாலும் அன்று அதைப் பாவிக்கக்கூடாது. அந்த வெடிப்பால் மின் கசியும், கிருமியும் தங்கும். சக்கரத்தைத் திருப்பி நுனி முன்னும் பின்னும் வளைகிறதா, விட்டவுடன் நேராகிறதா என்று பாருங்கள். சக்கரத்தைப் பிடித்துவைக்கிற பூட்டு எப்போதும் திறந்திருக்கவேண்டும்.

மெஷினில் நோயாளியின் எடையையும் பிறந்த திகதியையும் பதிந்து, ஈ.சி.ஜி. கம்பியை இணையுங்கள். வோல்டேஜ் ஏறி இறங்குகிற இடங்களில் மெஷின் யூ.பி.எஸ். வழியாக ஓடுவது கட்டாயம். பற்காப்பு வளையம், ஜெல், உறிஞ்சுகுழாய் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும். உறை போடுவதென்றால் அது லேட்டெக்ஸா என்று பார்த்து, ஒவ்வாமை உள்ளவருக்குத் தவிருங்கள்.

நான்காம் படி: உள்ளே விடுவது

சுவாசக் குழாய் போட்டு, நன்றாக ஒட்டி, குழந்தையென்றால் எத்தனை சென்ரிமீற்றரில் நிற்கிறது என்று வாய்விட்டுச் சொல்லியபிறகே புரோப். முதலில் வாய்வழியாக இரைப்பைக்கு ஒரு குழாய் விட்டு, உள்ளிருக்கிற காற்றையும் நீரையும் உறிஞ்சி, குழாயை வெளியே எடுத்துவிடுங்கள். இந்த ஒரு வேலை பாதிப் படத்தைத் தெளிவாக்கிவிடும்.

பற்காப்பை வைத்து, நுனிக்கு ஜெல் பூசி, இடது கையால் கீழ்த்தாடையை முன்னுக்குத் தூக்குங்கள். நாக்கின் நடுவில், நடுக்கோட்டை விட்டு விலகாமல், நுனியைச் சற்று முன்னுக்கு வளைத்தபடி இறக்குங்கள். நாக்கின் அடியைத் தாண்டியதும் சக்கரத்தை விட்டுவிடவேண்டும். அங்கே ஒரு சிறு தடை தெரியும், பிறகு பிடி தளர்ந்து சட்டென்று இறங்கும். இறங்காவிட்டால் தள்ளவேண்டாம். வெளியே எடுத்து, தாடையை இன்னும் தூக்கி மறுபடி பாருங்கள். அதுவும் சரிவராவிட்டால் லரிங்கோஸ்கோப்பால் கண்ணால் பார்த்து விடுங்கள். நேரில் பார்த்து விடும்போது தொண்டைக் காயம் குறைகிறது. இளம் வைத்தியர்கள் முதலிலேயே லரிங்கோஸ்கோப்பை எடுப்பதை நான் விரும்புகிறேன். அப்போதும் போகவில்லையென்றால் நிறுத்துங்கள். புரோப் இல்லாமலும் சத்திர சிகிச்சை நடக்கும், கிழிந்த தொண்டையோடு நடக்காது.

மெல்லிய புரோப்பில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. அது தொண்டையிலே மடிந்து சுருண்டுவிடும், வெளியே நிற்கிற எங்களுக்குப் போவதுபோலவே இருக்கும். 30 சென்ரிமீற்றர் போயும் இதயம் தெரியவில்லையென்றால் சுருண்டிருக்கிறது என்று நினைத்து இழுத்துவிடுங்கள்.

கைக்குழந்தையில் நுனி உள்ளே போன நொடியிலிருந்து கண் மொனிட்டரில் இருக்கவேண்டும், படத்தில் அல்ல. புரோப் சுவாசக் குழாயை அமத்தினால் வென்ரிலேற்றரின் அமுக்கம் ஏறும், போகிற காற்றின் அளவு குறையும். இடது சோணையறையையோ பெருநாடியையோ அமத்தினால் நாடி அலை தட்டையாகும். இரண்டில் எது நடந்தாலும் உடனே வெளியே எடுக்கவேண்டும், காரணத்தைப் பிறகு யோசிக்கலாம்.

ஐந்தாம் படி: மூன்று படங்கள்

முழுப் பரிசோதனைக்கு 28 தளங்கள் என்று 2013இல் அமெரிக்க எக்கோ சங்கம் வகுத்தது. அதே ஆண்டு வந்த அடிப்படைப் பரிசோதனைக்கு 11. கண்காணிப்புக்கு மூன்றே போதும். அந்த மூன்றை நன்றாக எடுக்கப் பழகினால், நடுவில் அமுக்கம் இறங்கும்போது கை தானாக அங்கே போகும். கீழே சொல்கிற தூரங்கள் பெரியவருக்கு, முன்பல்லிலிருந்து.

முதலாவது நான்கறைப் படம். 30 முதல் 40 சென்ரிமீற்றருக்குள், தளம் 0 முதல் 10 பாகை. மேலே இரண்டு சோணையறைகள், கீழே இரண்டு இதயவறைகள், நடுவில் மைட்ரல், முக்கூர் வால்வுகள். பெருநாடி வந்து படத்தின் நடுவில் நுழைந்தால் நுனியைச் சற்றுப் பின்னுக்கு வளையுங்கள்.

இரண்டாவது இரைப்பையிலிருந்து பார்க்கிற குறுக்குவெட்டு. 40 முதல் 45 சென்ரிமீற்றர்வரை மெதுவாக இறக்கி, நுனியை முன்னுக்கு வளைத்தால் இடது இதயவறை ஒரு வட்டமாகத் தெரியும். வட்டத்துக்குள் வால்வைப் பிடித்திருக்கிற இரண்டு பப்பிலரித் தசைகளும் ஒரே அளவில் தெரிந்தால் சரியான மட்டத்தில் நிற்கிறீர்கள். எனக்கு ஒரு படம்தான் தருவேன் என்று யாராவது சொன்னால் இதைத்தான் கேட்பேன். மூன்று முடியுரு நாடிகளும் இரத்தம் கொடுக்கிற தசைகள் இந்த ஒரு வட்டத்திலேயே இருக்கின்றன. நிரம்பியிருக்கிற அளவும் சுருங்குகிற வலுவும் கூட இதிலேயே தெரியும். சின்னப் புரோப் இரைப்பைச் சுவரைத் தொடாமல் நின்றால் படம் கறுக்கும். இன்னும் கொஞ்சம் வளைத்து, மெதுவாக மேலே இழுத்தால் சுவரில் அணையும். இரைப்பைக்குள் வளைத்தபடியே உணவுக்குழாய்க்கு இழுக்கக்கூடாது. முதலில் நேராக்கவேண்டும். கிழிவுகள் நடக்கிற தருணங்களில் இதுவும் ஒன்று.

மூன்றாவது, மேற்பெருநாளத்தின் படம். நான்கறைப் படத்திலிருந்து புரோப்பை நோயாளியின் வலப்பக்கம் திருப்பி, தளத்தை 90 முதல் 110 பாகைக்குக் கொண்டுபோனால் இரண்டு பெருநாளங்களும் வலது சோணையறைக்குள் வருவது தெரியும். தளம் சுழலாத புரோப்பில் சற்று மேலே இழுத்துக் குறுக்குவெட்டாகப் பார்க்கலாம். வென்ரிலேற்றர் முழுமையாகச் சுவாசிக்க வைக்கிற நோயாளியில், காற்று உள்ளே போகும்போது மேற்பெருநாளம் 36 விழுக்காட்டுக்குமேல் ஒடுங்கினால் சேலைனுக்கு இதயம் இணங்கும் என்று சொல்லலாம். நோயாளி தானாகச் சுவாசித்தால் இந்த அளவு பொருந்தாது.

ஆறாம் படி: பார்த்ததைப் படிப்பது

ஒரு உதாரணம். செட்டிகுளம் பக்கத்துக் கமக்காரர், குடல் அடைப்பு, நாட்பட்ட சிறுநீரக நோயும் உண்டு. வவுனியா மாவட்டத்தின் சில இடங்களில் காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் இருப்பது எல்லோருக்கும் தெரிந்த துயரம். வயிற்றைத் திறந்து கொஞ்ச நேரத்தில் அமுக்கம் இறங்குகிறது. சேலைன் கொடுக்கப் பயம், கொடுக்காமல் விடவும் பயம். சிறுநீர் அளவைப் பார்த்துச் சொல்லலாம் என்றால் அவருக்குச் சிறுநீரே குறைவு. மைக்ரோ புரோப்பின் குறுக்குவெட்டில் வட்டம் சுருங்கும்போது தசைச் சுவர்கள் ஒன்றையொன்று தொடுகின்றன. இதை மட்டும் பார்த்து “காலி” என்று முடிவெடுப்பதுதான் அடிக்கடி நடக்கிற தவறு.

விரிந்த நேரத்து வட்டத்தைப் பாருங்கள். விரியும்போதும் வட்டம் சின்னது, சுருங்கும்போதும் சின்னது என்றால் இரத்தமோ நீரோ போதவில்லை. விரியும்போது வட்டம் வழக்கமான அளவுக்கு நிரம்பி, சுருங்கும்போது மட்டும் சுவர்கள் தொட்டால் நாளங்கள் தளர்ந்துவிட்டன. குடலிலிருந்து கிருமி இரத்தத்துக்குள் போனவரில் இதை எதிர்பார்க்கலாம். முன்னவருக்குச் சேலைன், பின்னவருக்கு நாளங்களை இறுக்குகிற நோரட்றினலின். சிறுநீரகம் கெட்டவரில் இந்த வேறுபாடு மறுநாள் அவருக்கு மூச்சுமுட்டுமா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும். சேலைன் 250 மில்லிலீற்றர் கொடுத்துவிட்டு அதே படத்தை, அதே ஆழத்தில் மறுபடி பாருங்கள். வட்டம் பெருத்து அமுக்கமும் ஏறினால் அடுத்த 250. வட்டம் பெருத்தும் அமுக்கம் ஏறாவிட்டால் சேலைனை நிறுத்துங்கள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். சிறுவயதில் வந்த வாதக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு ஒடுங்கிய பெண்கள் எங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள், சிலருக்குப் பிள்ளைப்பேற்றின்போதுதான் தெரியவருகிறது. அவர்களின் இடது இதயவறை சின்னதாகவே தெரியும். இரத்தம் குறைவென்று நினைத்துச் சேலைனைத் திறந்துவிட்டால் நுரையீரல் நிரம்பிவிடும். நான்கறைப் படத்தில் இடது சோணையறை பெருத்திருக்கிறதா, வால்வு வளைந்து பாதியில் நிற்கிறதா என்று பார்க்காமல் இதயவறையின் அளவைப்பற்றிப் பேசவே கூடாது. அவர்களுக்கு வேண்டியது இதயத் துடிப்பை மெதுவாக வைத்திருப்பது.

வலது இதயவறை வழமையில் இடதின் மூன்றில் இரண்டுக்கு உள்ளேயே இருக்கும். அது இடதுக்குச் சமமாகவோ பெரிதாகவோ வந்து, குறுக்குவெட்டில் நடுச்சுவர் தட்டையாகி இடது வட்டம் அரைவட்டமானால், நுரையீரல் நாடியில் அடைப்பை நினையுங்கள். எலும்புச் சீமெந்து, கொழுப்பு, இரத்தக்கட்டி என்று காரணம் பல. காற்றுக் குமிழி போனால் வலது அறைகளில் வெள்ளைப் புள்ளிகள் பறக்கும். இதய உறைக்குள் கறுப்பு வளையம் தெரிந்து வலது சோணையறை உள்ளே மடிந்தால் நீர் அமத்துகிறது. இந்த மூன்றும் ஒருமுறை பார்த்தால் மறக்காது.

சுவர் அசைவு, வால்வு ஒழுக்கு பற்றி மைக்ரோ புரோப்பால் பெரியவரில் உறுதியாக எழுதவேண்டாம். “சந்தேகம், பெரிய புரோப்பால் பார்க்கவும்” என்று எழுதுவதில் வெட்கமில்லை.

ஏழாம் படி: உள்ளேயே விட்டிருப்பது

பார்த்து முடிந்ததும் படத்தை உறையவையுங்கள். ஒலி ஓடிக்கொண்டிருந்தால் நுனி சூடேறும். மெஷின் தானாக நிறுத்திக்கொள்ளும் என்றாலும், மெல்லிய சவ்வுக்குப் பக்கத்தில் அந்தச் சூடு தேவையில்லை. நுனியை நேராக்கி, பூட்டைத் திறந்து, இதய மட்டத்துக்கு இழுத்து வையுங்கள். மின்சாரத்தால் வெட்டி இரத்தத்தை நிறுத்துகிற டயதேர்மி ஓடும்போது படம் கோடு கோடாகும், அது நிற்கும்வரை காத்திருங்கள். நீண்ட சத்திர சிகிச்சையில் அவ்வப்போது உதட்டையும் நாக்கையும் பார்த்து, புரோப்பை வாயின் மறுபக்கம் மாற்றுங்கள். தாதியின் குறிப்பேட்டில் இதற்கு ஒரு வரி இருந்தால் மறக்காது.

எட்டாம் படி: வெளியே எடுத்தபிறகு

பூட்டுத் திறந்திருப்பதை மறுபடி பார்த்து, மெதுவாக இழுங்கள். நுனியில் இரத்தம் இருக்கிறதா, பற்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று அப்போதே பாருங்கள். மறுநாள் விடுதிக்குப் போய்த் தண்ணீர் குடிக்கச் சொல்லிப் பார்க்கவேண்டும். கழுத்து வீங்கி, தொட்டால் தோலுக்குக் கீழே நறநறவென்று காற்று தெரிந்தால், காய்ச்சலோடு நெஞ்சுநோ வந்தால், உணவுக்குழாய் கிழிந்திருக்கிறது என்றே எடுத்து வாய்வழி உணவை நிறுத்துங்கள். இது சில நாள் கழித்தும் வெளிப்படலாம். துணுக்காயிலோ ஒட்டுசுட்டானிலோ வீட்டுக்குப் போய்விட்டவர் அதைச் சாதாரணத் தொண்டை நோ என்று இருந்துவிடக்கூடாது. வீட்டுக்காரரிடம் “விழுங்க நோ கூடினால், காய்ச்சல் வந்தால், பஸ்ஸுக்குக் காத்திராமல் 1990க்கு அடியுங்கள்” என்று சொல்லி அனுப்புங்கள்.

ஒன்பதாம் படி: கழுவுவது

சின்னப் புரோப்பின் ஆயுள் தியேட்டரில் தீர்மானமாவதில்லை, கழுவுகிற தொட்டியில்தான். நோயாளியின் வாயிலிருந்து எடுத்த உடனேயே என்சைம் திரவத்தில் நனைத்த துணியால் துடைக்கவேண்டும். எங்கள் வெக்கைக்கு எச்சில் சீக்கிரம் காய்ந்து ஒட்டிவிடும், ஒட்டியதில் மருந்து வேலை செய்யாது. பிறகு கழுவி, மின்கசிவுச் சோதனை செய்து, அதன்பிறகே கிருமிநீக்கித் திரவம். கைப்பிடியும் பிளக்கும் எந்தக் காரணத்துக்கும் நனையக்கூடாது. நீராவியில் அவிக்கிற ஓட்டோகிளேவில் போட்டால் புரோப் முடிந்துவிடும்.

கிருமிநீக்கித் திரவம் ஓர்த்தோ தலால்டிஹைட் என்றால் அமெரிக்க விதிப்படி 20 பாகை செல்சியஸில் 12 நிமிடம். அதன் செறிவு 0.3 விழுக்காட்டுக்குக் கீழே போகக்கூடாது, திரவத்தை 14 நாளுக்குமேல் பாவிக்கவும் கூடாது. ஒவ்வொரு முறையும் சோதனைத் தாளால் பார்த்து, தொட்டிமேல் திகதி எழுதுங்கள். அதன்பிறகு புதுத் தண்ணீரில் மூன்று தடவை அலசவேண்டும். சரியாக அலசாமல் விட்ட திரவம் அடுத்த நோயாளியின் வாயையும் உணவுக்குழாயையும் எரித்த சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. தலால்டிஹைட் படிந்த இடம் சாம்பல் நிறமாகும்.

காயவைத்து, காற்றோட்டமான அலுமாரியில் நேராகத் தொங்கவிடுங்கள். வாங்கும்போது வந்த பெட்டி, கொண்டுபோகவும் கொண்டுவரவும் மட்டும். அதன் பஞ்சு மெத்தைக்குள் மாரி காலத்தில் ஈரம் ஏறிப் பூஞ்சணம் பிடிக்கும்.

ரீ.ஈ.ஈ. இல்லாத இடத்தில்

இடுப்பெலும்பு முறிந்த ஆச்சிக்கு முதுகில் ஊசி போட்டு விழிப்போடு செய்கிறபோது வாய்வழிப் புரோப்புக்கு இடமில்லை. அங்கே நெஞ்சின்மேல் வைக்கிற சின்ன இதய எக்கோ புரோப் (ஃபேஸ்ட் அரே வகை) கைகொடுக்கும், கைபேசியில் பொருத்துகிறதும் ஆகும். துணி மூடுவதற்கு முன்பே நெஞ்சின் இடப்பக்கத்திலும் மார்பெலும்பின் கீழும் வைத்து, நல்ல படம் எங்கே கிடைக்கிறதோ அந்த இடத்தைப் பேனாவால் குறியுங்கள். அந்தப் படத்தைச் சேமித்தும் வையுங்கள். பிறகு அமுக்கம் இறங்கினால் தேடவேண்டியதில்லை. கேள்விகள் மேலே சொன்னவைதான்: நிரம்பியிருக்கிறதா, சுருங்குகிறதா, வலது பெருத்ததா, சுற்றி நீரா.

நோயாளியை யாழ்ப்பாணத்துக்கு அனுப்புகிற நிலை வந்தால் படத்தையும் கூடவே அனுப்புங்கள். அந்தப் படம் எடுத்த நேரம், அப்போதைய இரத்த அமுக்கம், ஓடிக்கொண்டிருந்த மருந்தும் அதன் வேகமும் கடிதத்தில் இருக்கவேண்டும். வாய்வழிப் புரோப் போட்டிருந்தால் அதையும், எத்தனை தடவை முயன்றீர்கள் என்பதையும், இரத்தம் கண்டீர்களா என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். அங்கே இரவில் அவருக்குக் காய்ச்சலும் நெஞ்சுநோவும் வந்தால், கடமையில் நிற்கிற வைத்தியர் இதயத்தை மட்டும் பார்க்காமல் உணவுக்குழாயையும் நினைக்கவேண்டும்.